ஒட்டுசுட்டான் பக்கம் வீட்டு இன்ரநெற்: வெளி அன்ரெனாவா, ஸ்டார்லிங்கா?

வாய்க்கால்கரை
வணக்கம் எல்லாருக்கும். இடம் முத்தையன்கட்டுக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில ஒரு குடியேற்றக் கிராமம். வளவுக்குள்ள மா, தென்னை. பின்வேலியோட ரெண்டு பெரிய பாலை மரம். 4ஜி வீட்டு றூட்டர் யன்னலடியில இருக்கு. பகலில ஒருமாதிரி ஓடும். இரவு 8 மணிக்குப் பிறகு பிள்ளையளின்ர ஏ/எல் சூம் வகுப்பு உடைஞ்சு உடைஞ்சுதான் வரும். கடையில வெளி அன்ரெனா போடச் சொல்லுகினம். கனடாவில இருக்கிற சொந்தக்காரர் ஸ்டார்லிங் (செய்மதியால வாற இன்ரநெற்) எடு எண்டினம். எதுக்குக் காசு போடுறது? கணக்கோட சொல்லக்கூடிய ஆக்கள் சொல்லுங்கோ.

அலைவரிசை
காசு போட முதல் சில எண்கள் வேணும். றூட்டரின் பக்கத்தைத் திறவுங்கள். ஹுவாவே என்றால் 192.168.8.1, மற்றவை பெரும்பாலும் 192.168.1.1. ஒட்டியிருக்கும் லேபலில் கடவுச்சொல் இருக்கும். உள்ளே ‘சாதனத் தகவல்’ பகுதியில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், பாண்ட் எண் (எந்த அலைவரிசைப் பட்டை என்று காட்டும் எண்) மூன்றையும் எழுதி வையுங்கள். றூட்டரில் எரியும் கோடுகளை நம்ப வேண்டாம், அது ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பத்துக்கு வைக்கும் அளவு.

ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். −90 டிபிஎம் நல்லது, −100 சுமார், −110 மோசம், −120ஐத் தாண்டினால் இணைப்பே நிற்காது. எஸ்ஐஎன்ஆர் என்பது அந்தச் சிக்னல் இரைச்சலுக்கு மேல் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பது. 20க்கு மேல் மிக நல்லது, 13க்கு மேல் நல்லது, 0க்குக் கிட்ட வந்தால் வேகம் படுத்துவிடும்.

இதே அளவை விடியப்புறம் 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் எடுத்து, வேகத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு ஒரு அன்ரொயிட் போனில் அதே நிறுவனத்துச் சிம்மைப் போட்டு, நெட்மொன்ஸ்டர் ஆப்போடு தண்ணீர்த் தாங்கி உயரத்துக்கு ஏறிப் பாருங்கள். ஆப் இல்லாவிட்டால் *#*#4636#*#* அடித்தாலும் பல போன்களில் அளவு தெரியும்.

வாய்க்கால்கரை
எடுத்தாச்சு. யன்னலடி றூட்டர்: பாண்ட் 40, ஆர்எஸ்ஆர்பி −109, எஸ்ஐஎன்ஆர் 3. காலை 5க்கு 9 எம்பிபிஎஸ், இரவு 9க்கு 1.1. ரெண்டு நேரமும் சிக்னல் அளவு கிட்டத்தட்ட ஒண்டுதான். தாங்கி மேல (6 மீற்றர் வரும்) போனில: பாண்ட் 3, −97, எஸ்ஐஎன்ஆர் 11.

அலைவரிசை
இப்போது பேசலாம். உங்களுக்கு இரண்டு பிரச்சினை ஒன்றாக இருக்கிறது.

ஒன்று, சிக்னல் பலவீனம். பாண்ட் 40 என்பது 2300 மெகாஹேர்ட்ஸ், பாண்ட் 3 என்பது 1800. வெட்டவெளியிலேயே இரண்டுக்கும் 2 டிபி (டெசிபெல், சிக்னல் கூடிக் குறைவதை அளக்கும் அலகு) வித்தியாசம். நடுவில் மரம் வந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். மேலே ஏறினதும் −97 கிடைக்கிறது என்றால் ரவர் பக்கம் வழி இருக்கிறது. மாமர மட்டத்தில்தான் அடைபடுகிறது.

இரண்டாவது, ரவரில் நெரிசல். ஒரே சிக்னலில் விடிய 9, இரவு 1.1 என்றால் மிச்சத்தை ஊரார் எல்லாரும் பகிர்ந்து எடுக்கிறார்கள் என்று அர்த்தம். அன்ரெனா போட்டு அந்த நெரிசலை நீக்க முடியாது.

ஆனாலும் அன்ரெனா வீண் இல்லை. ரவர் உங்களுக்குத் தருவது நேரத்திலும் அலைவரிசையிலும் ஒரு பங்கு. எஸ்ஐஎன்ஆர் 3 இருந்தால் அந்தப் பங்கில் ஒரு குறியீட்டுக்கு 2 பிட் மட்டில்தான் ஏற்றலாம். 15க்கு மேல் போனால் 64 குவாம் என்ற செறிவான குறியீட்டு முறை வரை ஏறி 6 பிட் ஏற்றலாம். பங்கு அதே அளவுதான், உள்ளே போகும் சரக்கு மூன்று மடங்குக்கு மேல். இரவு 1.1 இருக்கும் இடத்தில் 4 வந்தால் வகுப்பு ஓடும்.

இன்னொன்று: பாண்ட் 40இல் போவதும் வருவதும் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பாவிக்கும், அதில் அனுப்பும் பக்கத்துக்கு ஒதுக்கும் நேரம் குறைவு. பாண்ட் 3இல் அனுப்பத் தனி வழி. சூமில் பிள்ளையின் குரல் போகாமல் திணறினால் பாண்ட் 3 உதவும். ஆனால் சில வீட்டு இணைப்புகளில் சிம்மை ஒரு பாண்டுக்கும் ஒரு றூட்டருக்கும் மட்டும் பூட்டி வைத்திருப்பார்கள். அதை முதலில் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டியிருந்தால் சாதாரண டேட்டா சிம்தான் வழி.

ஏ9_ஓரம்
கடைக்காரர் காட்டுற அன்ரெனாவோட 15 மீற்றர் மெல்லிய கறுப்பு வயர் வரும். அதை வாங்க முதல் வயரில என்ன எழுதியிருக்கெண்டு வாசியுங்கோ. ஆர்ஜி58 எண்டால் 2300 மெகாஹேர்ட்ஸில மீற்றருக்கு கிட்டத்தட்ட 0.9 டிபி தின்னும். 15 மீற்றரில 13 டிபிக்கு மேல போச்சு. அன்ரெனா கூட்டித் தாறது 10, 11 டிபிஐ (அன்ரெனாவின்ர பலத்தைச் சொல்லுற டிபி அளவு). மேல ஏத்திப் பிடிச்சதை வயரே திண்டு முடிச்சிடும், யன்னலடி றூட்டரே பரவாயில்லை எண்ட நிலை வரும். “அன்ரெனா போட்டும் ஒண்டும் மாறேல்ல” எண்டு வாற முறைப்பாட்டில பெரும்பாலானது இதுதான்.

எல்எம்ஆர்400 எண்டால் 15 மீற்றருக்கு 3.5 டிபிக்குள்ள நிக்கும். ஆனால் விரல் தடிப்பு, விலையும் கூட, வளைச்சு யன்னலுக்குள்ளால கொண்டுவாறது கஷ்டம். அதோட 4ஜிக்கு ரெண்டு வயர் வேணும். ஒரு வயரை மட்டும் குத்தினால் றூட்டரின்ர ரெண்டு ஓட்டத்தில ஒண்டு செத்த மாதிரி.

ரீவிக்குப் பாவிக்கிற ஆர்ஜி6 வெட்டிப் போடலாமோ எண்டு கேக்கிறவையும் உண்டு. அது 75 ஓம், றூட்டர் 50 ஓம். அந்தப் பொருத்தமின்மையால போற நட்டம் சின்னன்தான், ஆர்ஜி58ஐ விட ஆர்ஜி6 நல்லாவே கொண்டுவரும். சிக்கல் கொனெக்டரில: ஆர்ஜி6க்கு எஸ்எம்ஏ முனை (றூட்டரில பூட்டுற திருகு முனை) ஒழுங்காகப் பூட்டக் கிடைக்காது, மாற்றி மாற்றி அடாப்டர் போட வேண்டிவரும், ஒவ்வொரு மூட்டும் தண்ணி போற வாசல்.

பாலையடி
என்ர கருத்து வேற. வயரைக் குறைக்கிறதை விட்டிட்டு றூட்டரையே மேல ஏத்துங்கோ. ‘அவுட்டோர் சிபிஇ’ எண்டு விக்கிற பெட்டியில அன்ரெனாவும் மோடமும் ஒண்டாக இருக்கும். கீழ வாறது லான் கேபிள்தான். அது டிஜிட்டல், 100 மீற்றர் வரை ஒரு டிபியும் குறையாது. வீட்டுக்குள்ள சாதாரண வைஃபை றூட்டர் ஒண்டு.

பூட்டேக்க கவனிக்க வேண்டியது:

கேபிள் வெளிப்பாவனைக்கான கறுப்பு கெட்5இ, சுத்தச் செம்பு. ‘சிசிஏ’ எண்டு எழுதியிருந்தால் அது அலுமினியத்தில செம்புப் பூச்சு, 30 மீற்றரில மின்னழுத்தம் விழுந்து சிபிஇ தானாக அணைஞ்சு அணைஞ்சு எழும்பும். உள்வீட்டுச் சாம்பல் கேபிள் எங்கட வெயிலுக்கு ஒண்டு ரெண்டு வருசத்தில தோல் வெடிக்கும்.

பிஓஇ பெட்டி (லான் கேபிளாலேயே கரண்ட் அனுப்புறது) சிபிஇயோட வந்ததாகவே இருக்கவேணும். 24 வோல்ட் நேரடிப் பிஓஇயும் இருக்கு, 48 வோல்ட் பிஓஇயும் இருக்கு, பிளக் ஒண்டுதான். 24க்குச் செய்ததில 48 நேரடியாகக் குடுத்தால் உடன எரியும்.

கம்பம் 1½ அங்குல ஜிஐ பைப், 20 அடி. மூண்டு பக்கமும் ஸ்ரே வயர். தென்னையில, பனையில கட்டாதேங்கோ. கச்சான் காத்துக்கு மரம் ஆடேக்க திசை விலகி எஸ்ஐஎன்ஆர் ஏறி இறங்கும். கேபிளை முழுநீளமும் பிவிசி பைப்புக்குள்ள விடுங்கோ. குரங்கு வாற வளவில வெளியில தொங்குற கேபிள் ஒரு வருசம் தாண்டாது. பைப் முடியிற இடத்தில கேபிள் கீழ்நோக்கி ஒரு வளைவு எடுத்துப் பிறகு மேல ஏறி சிபிஇக்குள்ள போகவேணும். அப்பதான் மாரித் தண்ணி வளைவில சொட்டி விழும், துவாரத்துக்குள்ள போகாது. துவாரத்தின்ர றப்பர் அடைப்பை எறியாதேங்கோ. அது இல்லாட்டி எறும்பும் பல்லியும் குடியேறும். சோக்கற்றைக் கழட்டிப் பார்த்தால் எட்டு ஊசியில ரெண்டு மூண்டு பச்சைக் களிம்பு பிடிச்சு, மிச்சம் பளபளப்பாக இருக்கும். அந்த நிலையில லான் 100இல இருந்து 10க்கு இறங்கி நிக்கும், ஆக்கள் ரவரைத் திட்டுவினம்.

அலைவரிசை
பாலையடி சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். கிராமத்துக்கு அதுதான் சரி.

திசை பிடிக்கும் முறையைச் சேர்க்கிறேன். ஒருவர் கம்பத்தடியில், ஒருவர் றூட்டர் பக்கத்தைத் திறந்த போனோடு. 15 பாகை திருப்பி ஒரு நிமிடம் பொறுங்கள். றூட்டர் அளவைச் சராசரி பார்த்துத்தான் காட்டும், உடனே மாறாது. ஒவ்வொரு நிலையிலும் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், பிசிஐ எண் மூன்றையும் எழுதுங்கள். பிசிஐ மாறினால் வேறு ரவர் அல்லது அதே ரவரின் வேறு முகம்.

முடிவு எடுப்பது எஸ்ஐஎன்ஆரை வைத்து. மாங்குளம், புளியங்குளம் பக்கம் ஏ9 வீதியை ஒட்டி இருக்கிறவர்களுக்கு ஆர்எஸ்ஆர்பி −85 இருந்தும் எஸ்ஐஎன்ஆர் 1, 2 என்று நிற்கலாம். இரண்டு ரவர்கள் சம பலத்தில் மோதுவதன் அடையாளம் அது. அப்போது விரும்பிய ரவரில் இருந்து சற்றே விலத்தி, மற்ற ரவர் அன்ரெனாவின் பின்பக்கத்தில் விழும்படி திருப்பினால் ஆர்எஸ்ஆர்பி 3 குறைந்து எஸ்ஐஎன்ஆர் 8 கூடும். அதுதான் நல்ல வியாபாரம்.

திசையைக் கோடையில் பிடித்தால் மார்கழியில் ஒருமுறை திரும்பப் பாருங்கள். இந்த அலைவரிசையில் மழை நேரடியாகப் பெரிதாகக் குறைக்காது. ஈரமான இலைதான் குறைக்கும்.

‘சிக்னல் பூஸ்டர்’ என்று விற்கும் பெட்டியை வாங்காதீர்கள். அலை அனுப்பும் கருவிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், உள் அன்ரெனாவும் வெளி அன்ரெனாவும் கிட்டக் கிட்ட இருந்தால் அது தன் சத்தத்தையே திரும்பப் பிடித்துப் பெருக்கி, ரவருக்குப் போகும் பாதை முழுக்க இரைச்சலை நிரப்பும். உங்கள் வீட்டுக்காகப் பூட்டினது ஊர் முழுக்கக் கெடுக்கும்.

துணுக்காய்_மாணவி
ஸ்டார்லிங்கைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே? நெரிசல்தான் பிரச்சினை எண்டால் அது தீர்வில்லையா?

வான்வழி
தீர்வுதான், சில நிபந்தனையோட. 2024இல் அனுமதிப்பத்திரம் கிடைத்து, 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கியது. செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் ஓடுகின்றன. பழைய டிஷ் இன்ரநெற்றின் செய்மதி 35,786 கிலோமீற்றரில் நிற்கும்; அதனால் போய்வரவே அரை வினாடிக்கு மேல் எடுக்கும். இதில் பொதுவாக 100 மில்லிசெக்கனுக்குள். சூமுக்குப் போதும்.

முதல் நிபந்தனை வானம். தட்டுக்கு 110 பாகை அகலத்தில் திறந்த வானம் வேண்டும். தட்டு நேர மேலே பார்த்தால், அடிவானத்தில் இருந்து 35 பாகைக்கு மேலே ஒன்றும் மறைக்கக்கூடாது. கணக்கு இலகு: தட்டு மட்டத்துக்கு மேலே மரம் எத்தனை மீற்றரோ அதை 0.7ஆல் வகுங்கள். 12 மீற்றர் பாலை என்றால் 17 மீற்றருக்கு அப்பால் நிற்கவேண்டும். 20 மீற்றர் பனை என்றால் 28 மீற்றருக்கு மேல். வாய்க்கால்கரையின் பின்வேலிப் பாலை எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். சிறு கொப்பு மறைத்தாலே போதும், செய்மதி அதற்குப் பின்னால் போகும் ஒவ்வொரு முறையும் சில வினாடி அறுபடும். படம் பார்க்கிறவருக்குத் தெரியாது, வகுப்பில் இருக்கிறவருக்கு உடனே தெரியும். வாங்க முதல் ஸ்டார்லிங் ஆப்பை இறக்கி, கூரையில் நின்று ‘தடை’ சோதனையைப் போனின் கமராவால் செய்யலாம். கணக்குத் திறக்காமலே செய்யலாம், காசும் இல்லை.

இரண்டாவது கரண்ட். பெரிய தட்டு 75–100 வாட். 24 மணி நேரம் விட்டால் மாதம் 54–72 அலகு. சின்னத் தட்டான மினி 25–40 வாட், மாதம் 18–29 அலகு. 4ஜி றூட்டர் 8 வாட் என்று வைத்தாலும் 6 அலகுக்குள். 60 அலகுக்குள் நிற்கும் வீடு பெரிய தட்டோடு அடுத்த படிக்கு ஏறும். அப்போது அலகு விலை மட்டுமில்லை, நிலையான கட்டணமும் மாறும். மாதக் கட்டணத்தோடு இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இரவு 11 முதல் காலை 5 வரை ஆப்பில் உறக்க நேரம் வைத்தால் கால்வாசி மிச்சம்.

மூன்றாவது மழை. இது 10.7 முதல் 12.7 கிகாஹேர்ட்ஸ் வரை பாவிப்பது. கார்த்திகை மாரியில் கறுத்து அடிக்கிற மழைக்குச் சில நிமிடம் நிற்கும்.

ஏ9_ஓரம்
மூண்டு வீடு சேர்ந்து ஒரு ஸ்டார்லிங் எடுத்துக் காசு பிரிக்கலாமோ?

வான்வழி
வீட்டுப் பக்கேஜைக் காசுக்கு மறுவிற்பனை செய்வது அவர்களின் விதிமுறைக்கு மாறானது. சனசமூக நிலையம், பாடசாலை என்றால் அதற்குரிய வணிகப் பக்கேஜை அந்த அமைப்பின் பெயரில் எடுங்கள்.

மினியை 12 வோல்ட் பற்றரியில் ஓட்ட நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது 12–48 வோல்ட் ஏற்கும் என்று எழுதியிருப்பது உண்மை, ஆனால் 12 என்பது கீழ் எல்லை. 40 வாட்டுக்கு 3.3 அம்பியர். 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 10 மீற்றர் இழுத்தால் போகவர 0.35 ஓம், 1.1 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே விழும். 12.6 இருந்த பற்றரி தட்டில் 11.5 ஆகப் போய்ச் சேரும். தட்டு எழும்பி எழும்பி விழும். 2.5 சதுர மில்லிமீற்றர் போடுங்கள், இல்லாவிட்டால் பற்றரியடியிலேயே 24 வோல்ட்டாக ஏற்றி அனுப்புங்கள். 12.8 வோல்ட் 20 அம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி 256 வாட்-மணி. 30 வாட்டுக்கு 7 மணி நேரம் தாராளம்.

கண்டாவளை_வயரிங்
எல்லாரும் சிக்னல் கதைக்கிறியள், இடியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேர இடிக்கு எங்கட வெளிகளில உயர்ந்து நிக்கிறது இந்த ஜிஐ பைப்தான். நேர விழவேணுமெண்டில்லை, பக்கத்து வயலில விழுந்தாலே லான் கேபிளில மின்னழுத்தம் ஏறி உள்றூட்டர், ரீவி, கணினி எல்லாத்தின்ர லான் போட்டையும் கொண்டுபோகும்.

கம்பத்துக்கு எர்த் குடுங்கோ. 16 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர், வளைவு நெளிவில்லாமல் நேர கீழ. முக்கியமான விசயம்: கம்பத்துக்கெண்டு தனியாக ஒரு எர்த் அடிச்சிட்டு வீட்டு எர்த்தோட தொடுக்காமல் விடாதேங்கோ. இடி இறங்கேக்க ரெண்டு எர்த்துக்கும் இடையில ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும், அது போய்வாற பாதை உங்கட லான் கேபிள்தான். ரெண்டையும் மண்ணுக்குள்ளால தடிச்ச செம்பால இணையுங்கோ. ஆடி, ஆவணியில மண் காய்ஞ்சு தடை ஏறும், ஆனபடியால் எர்த் கம்பியைக் கிணத்தடித் தண்ணி ஓடுற பக்கமாக அடியுங்கோ.

கம்பம் நடேக்க மின்சார லைன் எங்க போகுதெண்டு பாருங்கோ. கம்பம் சரிஞ்சு விழுந்தாலும் லைனில முட்டாத தூரம் வேணும். 20 அடிப் பைப்பை ரெண்டு பேர் தூக்கி நிறுத்தேக்கதான் உயிர் போற விபத்து நடக்கும். மழை ஈரத்தில செய்யாதேங்கோ.

துணுக்காய்_மாணவி
லான் கேபிளால வாறதை முழுசா வெட்ட ஏதும் வழி இருக்கா? இடி முழங்கேக்க ஒவ்வொருக்காலும் கழட்ட வீட்டில ஆக்கள் இருக்கமாட்டினம்.

கண்டாவளை_வயரிங்
இருக்கு தங்கச்சி. ‘மீடியா கொன்வேட்டர்’ (லான் சிக்னலை ஒளியாக மாத்துற பெட்டி) ரெண்டும் 10 மீற்றர் ஃபைபர் பட்ச் கேபிள் ஒண்டும். பிஓஇ பெட்டியையும் முதல் கொன்வேட்டரையும் கம்பம் இறங்கிற சுவரடியில ஒரு பெட்டிக்குள்ள வையுங்கோ. அங்க இருந்து உள்றூட்டருக்கு ஃபைபர். கண்ணாடியில கரண்ட் போகாது. மேல இருக்கிற சிபிஇயும் பிஓஇயும் போனாலும் வீட்டுக்குள்ள இருக்கிறது தப்பும். ஒரு கொன்வேட்டர் ஏ பக்கம், மற்றது பி பக்கம் எண்டு சோடியாக வாங்கவேணும், ரெண்டும் ஏ எண்டால் வேலை செய்யாது. வெளிப் பெட்டிக்குக் கரண்ட் போற வயரில சேர்ஜ் தடுப்பு (திடீரெண்டு ஏறுற மின்னழுத்தத்தைத் தடுக்கிறது) போடுங்கோ, இல்லாட்டி அந்த வழியால உள்ள வரும்.

பாலையடி
வெளிநாட்டுச் சொந்தக்காரர் றூட்டர் அனுப்பிறன் எண்டால் வாங்க முதல் மொடல் எண்ணைக் கேளுங்கோ. கனடா, அமெரிக்க மொடல்களில பெரும்பாலும் பாண்ட் 2, 4, 5, 12, 66தான் இருக்கும். எங்களுக்கு வேண்டிய 3உம் 40உம் இல்லாட்டி அது வெறும் வைஃபை பெட்டி. ஐரோப்பிய மொடலில 1, 3, 7, 8, 20 இருக்கும், 40 இருக்கெண்டு உறுதி இல்லை. இந்திய மொடலில 3, 40 ரெண்டும் கிடைக்கும். லேபலில இருக்கிற 15 இலக்க ஐஎம்இஐயையும் கேட்டு, ஆணைக்குழுவில பதிவானதோ எண்டு 1909க்கு எஸ்எம்எஸ் போட்டுப் பாருங்கோ. பதிவில்லாத கருவியை வலையமைப்பு ஏற்காமல் விடலாம்.

ஏ9_ஓரம்
வெளிநாட்டில இருந்து வீட்டுக் கமராவைப் பார்க்க வேணும் எண்டு கேக்கிற ஆக்களுக்கும் ஒரு வரி. 4ஜி வீட்டு இணைப்பிலயும் ஸ்டார்லிங் வீட்டுப் பக்கேஜிலயும் உங்களுக்கெண்டு தனிப் பொது ஐபி முகவரி கிடைக்காது. பல வீட்டுக்கு ஒரு முகவரி. ஆனபடியால் றூட்டரில ‘போட் ஃபோவேட்’ (வெளியில இருந்து வாறதைக் கமராவுக்குத் திருப்பிவிடுறது) செய்து பிரயோசனமில்லை. பி2பி ஆப் (பொது ஐபி இல்லாமலே போனைக் கமராவோட இணைக்கிறது) உள்ள கமரா வாங்குங்கோ, இல்லாட்டி டெயில்ஸ்கேல் மாதிரித் தனிவழி இணைப்பு ஆப் ஒண்டு. தொடர்ந்து 1 எம்பிபிஎஸ் மேல அனுப்பினால் நாளுக்கு 10.8 ஜிபி. பதிவை மெமரி கார்ட்டில வைச்சு, பார்க்கேக்க மட்டும் சின்ன ஓட்டத்தைத் திறக்கிற மாதிரி அமையுங்கோ.

வாய்க்கால்கரை
பாலை மரம் தட்டு வைக்கக்கூடிய இடத்தில இருந்து 11 மீற்றர். உயரம் 14க்கு மேல. வெட்ட மனமில்லை, வெட்டவும் மாட்டம். ஆனபடியால் சிபிஇ. பாண்ட் 3 சிம் போட்டு, 20 அடிப் பைப்பில: −90, எஸ்ஐஎன்ஆர் 16. விடிய 31, இரவு 9க்கு 5 எம்பிபிஎஸ். எர்த் வீட்டு எர்த்தோட இணைச்சாச்சு. ஆனால் சில இரவில 5 இருந்தும் குரல் இடையில இழுபடுது, அது ஏன்?

அலைவரிசை
இரவு எல்லாப் போனும் வீட்டு வைஃபைக்கு வந்ததும் கூகிள் ஃபோட்டோஸ், வட்ஸ்அப் காப்புப்பிரதி மேலே ஏறத் தொடங்கும். அனுப்பும் வழி நிரம்பினால் இறக்கும் வேகம் இருந்தும் குரல் தாமதமாகும். போன்களில் காப்புப்பிரதியைக் கையால் செய்யும்படி மாற்றி, விடிய 5 மணிக்கு ஓட விடுங்கள். அதற்குப் பிறகும் இழுபட்டால் உள்றூட்டரில் ‘கியூஓஎஸ்’ (எதற்கு எவ்வளவு வேகம் என்று பிரிக்கும் பகுதி) திறந்து, இரவில் கிடைக்கும் அனுப்பும் வேகத்தில் 80 வீதத்தை எல்லையாகக் கொடுங்கள். 2 எம்பிபிஎஸ் என்றால் 1.6. எல்லையை விடிய அளந்த வேகத்தில் வைத்தால் ஒன்றும் நடக்காது. வகுப்புக் கணினியை லான் கேபிளில் குத்திவிட்டு முதலில் ஒரு இரவு பாருங்கள், வைஃபை பக்கத்துக் குற்றமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.